பஹாய் சமயத்தின் சான்றுகளை எப்படிச் சோதிப்பது? நம்பும் முன் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: தேடல்77

பஹாய் சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, உண்மையை ஒவ்வொருவரும் தானே தேடிக் காண வேண்டும் என்பது. அப்பா அம்மா சொன்னார்கள், ஊரில் எல்லாரும் கும்பிடுகிறார்கள் என்று எதையும் ஏற்கக்கூடாது. பாரசீகத்தில் இதை 'தஹர்ரி-யே ஹகீகத்' என்கிறார்கள். ஆனால் இச்சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவை இறைத்தூதராக ஏற்ற பிறகு அவர் சொன்ன எதையும் மறுக்க இடமில்லை. வாசல் வரை சோதனை, வாசலைத் தாண்டினால் முழு ஒப்புதல். இது எப்படிப் பொருந்தும்?

அறிமுகக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லும் சான்றுகள் இவை. பைபிளின் தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாள் கணக்கு, பஹாவுல்லாவுக்கு முன்னோடியான பாப் தம்மை அறிவித்த 1844இல் சரியாக முடிகிறது. மூன்றாம் நெப்போலியனின் வீழ்ச்சியை பஹாவுல்லா முன்கூட்டியே எழுதினார். 1850இல் தப்ரீஸ் நகரில் 750 பேர் சுட்டும் முதல் வேட்டில் பாபுக்குக் காயமே படவில்லை. அறிவியலும் சமயமும் ஒன்றுக்கொன்று முரண்படாது.

இவற்றில் எது தாங்கும், எது தாங்காது? எதை எங்கே போய்ப் பார்க்க வேண்டும்? விசுவாசிகளும் பதில் சொன்னால் மிகவும் நல்லது.

பதில் 1: சுவடிப்பித்தன்

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு முன்னறிவிப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஐந்து விஷயம் எழுதுங்கள். மூல வாசகம் என்ன. எந்த வருஷம் எழுதப்பட்டதாகச் சொல்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே அது இருந்தது என்று காட்ட எந்தக் கைப்பிரதி அல்லது அச்சு இருக்கிறது. காலக்கெடு உண்டா. என்ன நடந்திருந்தால் 'இது பலிக்கவில்லை' என்று ஒப்புக்கொள்வோம். இந்த ஐந்தாவதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். அதை எழுதாவிட்டால் எந்த வாசகமும் எப்போதோ எதற்கோ பொருந்திவிடும்.

நெப்போலியன் பக்கத்தை நிரப்பிப் பார்ப்போம். பஹாவுல்லா அவருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 1869இல் அக்கா நகரிலிருந்து (இன்றைய இஸ்ரேலின் ஏக்கர்) போனது. உன் செய்கைக்காக உன் ராஜ்யம் குழம்பும், ஆட்சி உன் கையைவிட்டுப் போகும் என்பது அதன் சாரம். 1870 செப்டம்பர் 2இல் செடானில் அவர் சரணடைந்தார். வாசகம் தெளிவு, ஆள் தெளிவு, இடைவெளியும் குறைவு. மூன்றாவது வரியில்தான் சிக்கல். இந்த நிருபம் அச்சுக்கு வந்தது பம்பாயில், 1890 வாக்கில். நிகழ்ச்சிக்குச் சுமார் 20 வருஷம் கழித்து. இதை வைத்துப் பின்னால் எழுதிச் சேர்த்தது என்று சொல்லிவிட முடியாது, அப்படிச் சொல்பவர் அதற்குத் தனிச் சான்று தர வேண்டும். ஆனால் 1870க்கு முந்தியது என்று நிரூபிக்கக்கூடிய பிரதியைக் காட்டினால்தான் வெளியாள் ஒருவருக்கு இது முழுச் சான்று. அதுவரை சமூகத்துக்குள் வழங்கிவரும் சாட்சியம்.

துருக்கி சுல்தான் விஷயம் இதைவிடச் சுவையானது. 1869இல் துருக்கி அமைச்சர் ஃபுஆத் பாஷா பிரான்சின் நீஸ் நகரில் இறந்ததும் எழுதிய நிருபத்தில், அவரைப் போன்ற இன்னொருவரை (ஆலி பாஷாவை) பதவியிலிருந்து நீக்குவோம், அவர்கள் தலைவனையும் பிடிப்போம் என்று வருகிறது. சுல்தான் அப்துல்அஜீஸ் 1876 மே 30இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். இந்த வாசகத்தை முன்னதாகவே படித்து, 'இது நடந்தால் நம்புகிறேன்' என்று சொல்லிக் காத்திருந்தவர் மிர்ஸா அபுல்-ஃபஸ்ல் என்ற அறிஞர். நடந்தது, 1876இல் சேர்ந்தார். நிகழ்ச்சிக்கு முன்பே வாசகம் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சியம், சொல்பவர்கள் விசுவாசிகளே என்றாலும். அதே நிருபத்தின் முதல் பாதியையும் சோதிக்க வேண்டும். ஆலி பாஷாவை யாரும் நீக்கவில்லை. 1871 செப்டம்பரில் பிரதம வஜீர் பதவியில் இருக்கும்போதே இறந்தார். 'நீக்குவோம்' என்ற சொல்லுக்குச் சாவும் அடங்கும் என்று எடுத்தால் பலித்தது, பதவி நீக்கம் என்றே எடுத்தால் பலிக்கவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

தேதி விஷயத்தில் கேள்விக்கே இடமில்லாத ஒன்று பெர்லின். பஹாவுல்லாவின் சட்டநூலான கிதாப்-இ-அக்தாஸில், 1873 வாக்கில், ரைன் நதிக்கரைகள் ரத்தத்தில் மூழ்கியதையும் அது இன்னொரு முறை நேரும் என்பதையும், இன்று பெருமையில் இருக்கும் பெர்லினின் ஓலம் கேட்பதையும் சொல்கிறார். ரஷ்ய அறிஞர் தூமான்ஸ்கி இந்த நூலை 1899இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சிட்டார். 1914க்கு 15 வருஷம் முன்பே அச்சில் இருந்த வாசகம், விசுவாசி அல்லாதவர் கையால். இதன் பலவீனம் நான்காவது வரியில் இருக்கிறது: காலக்கெடு கிடையாது. 1871இல் ஒரு போர் முடிந்த எல்லையில் இன்னொரு போர் வரும் என்பது அந்நாளில் அரசியல் தெரிந்த எவரும் ஊகிக்கக் கூடியது என்ற மறுப்பும் நியாயமானதே.

இன்னொன்று. சில தொகுப்புகளில் போப் ஒன்பதாம் பயஸுக்கு எழுதியதையும் முன்னறிவிப்பாகச் சேர்த்திருப்பார்கள். 1870 செப்டம்பர் 20இல் ரோம் அவர் கையைவிட்டுப் போனது உண்மை. ஆனால் நிருபத்தில் இருப்பது 'ராஜ்யத்தை ராஜாக்களிடம் விட்டுவிடு' என்ற கட்டளை. கட்டளை வேறு, முன்னறிவிப்பு வேறு. இதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.

பதில் 2: பஞ்சாங்கக்காரன்

1844 கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை.

தானியேல் 8:14இல் 2300 நாள். ஒரு நாளுக்கு ஒரு வருஷம் (எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6). தொடக்கம் அர்தசஷ்டா ராஜாவின் ஏழாம் வருஷ ஆணை, கி.மு. 457. பூஜ்ய வருஷம் கிடையாது என்பதால் 456ஐக் கழித்தால் 1844. கூட்டல் சரி. இப்போது தொடக்கத்தை மாற்றிப் பாருங்கள். எருசலேம் பற்றிய ஆணைகள் நான்கு என்று, பஹாவுல்லாவின் மகனும் அவருக்குப் பின் தலைவருமான அப்துல்-பஹாவே பட்டியல் தருகிறார். கி.மு. 536 என்று எடுத்தால் 1765 வரும். 519 என்றால் 1782. 444 என்றால் 1857. நான்கில் ஒன்றைத் தேர்ந்தால்தான் 1844.

அந்தத் தேர்வுக்கு அவர் காரணமும் தருகிறார், அதை மறைப்பது நியாயமில்லை. 457இலிருந்து தானியேல் 9இன் எழுபது வாரத்தை (490 வருஷம்) எண்ணினால் கி.பி. 34 வரும், இயேசுவின் மரணத்துக்கு அருகில். ஆகவே தொடக்கம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததல்ல.

எனக்கு ஒப்பாத இடம் வேறு. வெளிப்படுத்தின விசேஷம் 11இல் வரும் 1260 நாளை ஹிஜ்ரி 1260 என்று எடுக்கிறார்கள். அந்த ஹிஜ்ரி ஆண்டு 1844 ஜனவரியில் தொடங்கியது, அதுவும் பொருந்துகிறது. ஆனால் 2300ஐ எண்ணியது சூரிய வருஷத்தில், 1260ஐ எண்ணியது சந்திர வருஷத்தில். சந்திர வருஷம் 354 நாள் சொச்சம். அளவுகோலை மாற்றிப் பிடியுங்கள்: 2300 சந்திர வருஷம் என்றால் 1775இல் முடியும். 1260 சூரிய வருஷத்தை ஹிஜ்ரி தொடங்கிய 622இலிருந்து எண்ணினால் 1882. ஒரே கோலால் இரண்டையும் அளந்தால் இரண்டும் 1844இல் சந்திக்காது. ஹிஜ்ரி என்பது இஸ்லாமிய அளவு, ஆகவே அதற்குச் சந்திர வருஷமே பொருந்தும் என்பது அவர்கள் பதில். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கோலை எடுப்பது என்று விடை தெரிந்த பிறகு முடிவுசெய்ததா, தெரியும் முன்பே முடிவுசெய்ததா என்று கேட்க வேண்டும். தானியேல் விளக்கம் 1904 முதல் 1906 வரை அக்காவில் நடந்த உரையாடல்களில் சொல்லி, 1908இல் நூலானது. விடை வந்து 60 வருஷம்.

1335க்கு இதே சோதனையைப் போடலாம். தானியேல் 12:12இன் 1335ஐச் சந்திர வருஷமாக எடுத்தால் 1917 அக்டோபரில் முடியும். 622இலிருந்து சூரிய வருஷம் என்றால் 1957. 628இலிருந்து என்றால் 1963. பஹாய் எழுத்தாளர் எஸில்மாண்டின் அறிமுக நூல் 1923இல் முதலில் வந்தபோது இந்த இடத்தில் 1957 இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் 1963. பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்து அந்தப் பக்கத்தை வாசியுங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

காரணம் தலைகீழாக ஓடவும் வாய்ப்பு உண்டு. ஷியா முஸ்லிம்கள் மீண்டும் வருவார் என்று காத்திருக்கும் பன்னிரண்டாம் இமாம் மறைந்தது ஹிஜ்ரி 260. ஆயிரம் வருஷம் கழித்து 1260இல் வருவார் என்ற எதிர்பார்ப்பு ஈரானில் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஷியாக்களில் ஒரு பிரிவான ஷைகிகளின் குரு செய்யித் காஸிம் இறந்ததும் அவர் சீடர்கள் வரப்போகிறவரைத் தேடியே கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரான முல்லா ஹுசைன் ஷிராஸில் பாபைச் சந்தித்தது 1844 மே 22 இரவு. இந்தப் பக்கம் அமெரிக்காவில் கிறிஸ்தவப் போதகர் மில்லரின் கூட்டத்தார் அதே தானியேல் கணக்கை வைத்து அதே வருஷம் இயேசுவின் வருகைக்குக் காத்திருந்து ஏமாந்தார்கள். எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வருஷத்தில் ஒருவர் 'நான்தான்' என்று சொல்வதும், அவரை மக்கள் நம்புவதும் எதிர்பார்க்கக் கூடியதே. அதனால் அவர் பொய் என்று ஆகாது. வருஷம் பொருந்துவது தனிச்சான்று ஆகாது, அவ்வளவுதான்.

பதில் 3: நூர்வாசகி

பஹாயாகவே பதில் சொல்கிறேன். மேலே சொன்ன கணக்குகளை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் நூல்களே இவற்றை முதல் வரிசைச் சான்றாக வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பஹாவுல்லா வைக்கும் வரிசை இது: இறைத்தூதரின் உண்மைக்கு முதல் சாட்சி அவரே, அவர் வாழ்ந்த வாழ்வு. அடுத்தது அவர் கொண்டுவந்த வெளிப்பாடு. இந்த இரண்டையும் காண முடியாதவருக்கு அவர் அருளிய வார்த்தைகள். அற்புதம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அற்புதம் நேரில் பார்த்தவருக்கு மட்டுமே சான்று, பார்க்காதவருக்கு அது வெறும் செவிவழிச் செய்தி, எல்லாச் சமயத்தாரும் தங்கள் தூதரைப் பற்றி அற்புதம் சொல்கிறார்கள் என்று அப்துல்-பஹா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பாக்தாதில் உலமாக்கள் ஒருவரை அனுப்பி அற்புதம் கேட்டபோது பஹாவுல்லா வைத்த நிபந்தனை, எல்லாரும் கூடி ஒரே ஓர் அற்புதத்தை முடிவுசெய்து, அது நடந்தால் இனி மறுக்க மாட்டோம் என்று எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும் என்பதே. அவர்களால் ஒருமிக்க முடியவில்லை. இங்கே சுவடிப்பித்தன் ஐயா சொன்ன ஐந்தாவது வரியை பஹாவுல்லாவே கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே கூட்டங்களில் 2300ஐயும் தப்ரீஸையும் முதலில் எடுத்து வைப்பது பேசுபவர் செய்யும் தவறு. கேட்பவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது மூல நூல்கள். அதிலும் எது எந்த அளவுக்கு அதிகாரமுள்ளது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பஹாவுல்லா தாமே எழுதியது அல்லது அவர் சொல்ல எழுதி அவர் ஒப்பியது முதல் தரம். 1908 உரையாடல் நூல் அப்துல்-பஹா சரிபார்த்தது. பாரிஸிலும் அமெரிக்காவிலும் அவர் பேசியதைக் கேட்டவர்கள் ஆங்கிலத்தில் எடுத்த குறிப்புகளில் எல்லாவற்றுக்கும் பாரசீக மூலம் கிடையாது. யாத்ரிகர் குறிப்புகளுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று, அப்துல்-பஹாவுக்குப் பின் பாதுகாவலராக இருந்த ஷோகி எஃபெண்டி வரையறுத்துவிட்டார். பரபரப்பாகப் பரவும் முன்னறிவிப்புகளை இந்தச் சல்லடையில் போட்டாலே பல உதிர்ந்துவிடும்.

பதில் 4: செம்பும்_தங்கமும்

அறிவியல் பற்றி ஒன்றே ஒன்று. பஹாவுல்லாவின் கிதாப்-இ-ஈகான் நூலில் (பாக்தாத், 1861 அல்லது 1862), செம்பு தன் சுரங்கத்திலேயே இறுகாமல் காக்கப்பட்டால் 70 வருஷத்தில் தங்கத்தின் நிலையை அடையும் என்று வருகிறது. செம்பின் அணுவில் 29 புரோட்டான், தங்கத்தில் 79. பூமிக்கடியில் 70 வருஷமோ 70 கோடி வருஷமோ வைத்தாலும் நடக்காது.

விசுவாசிகளின் பதில், கேட்பவர்கள் ஏற்றிருந்த ரசவாதக் கருத்தை வைத்து ஆன்மிக மாற்றத்துக்கு உவமை சொன்னார் என்பது. அந்தப் பத்தியின் ஓட்டத்தைப் பார்த்தால் இதற்கு இடமிருக்கிறது, அங்கே பேச்சு மனித மாற்றத்தைப் பற்றியது. சரி, அப்படியானால் 'ஒவ்வொரு விண்மீனுக்கும் கோள்கள் உண்டு, ஒவ்வொரு கோளிலும் உயிர்கள் உண்டு' என்ற வாசகத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்து, 1995இல் சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றிவரும் கோள் கண்டுபிடிக்கப்பட்டதைச் சான்றாகக் காட்டக்கூடாது. பொருந்தினால் அறிவியல், பொருந்தாவிட்டால் உவமை என்று ஆள் பார்த்து அளந்தால் அது சோதனையே இல்லை. ஒரு வாசகம் உவமையா நேர்ப்பொருளா என்பதை அறிவியல் முடிவைப் பார்க்கும் முன்பே, அதைச் சுற்றியுள்ள வரிகளை வைத்து முடிவுசெய்யுங்கள்.

பதில் 5: சுவடிப்பித்தன்

தப்ரீஸ் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன்.

1850 ஜூலை 9. பாபையும் ஓர் இளம் சீடரையும் முகாம் மதிலில் கயிற்றில் தொங்கவிட்டுச் சுட்டார்கள். பஹாய் வரலாற்றாளர் நபீல் எழுதிய வரலாறு, 250 பேராக மூன்று வரிசை, மொத்தம் 750 துப்பாக்கி என்கிறது. புகை கலைந்தபோது பாபைக் காணோம். தேடியபோது, முன்பு அவரை வைத்திருந்த அறையில், இடையில் நின்ற பேச்சைத் தம் எழுத்தரிடம் முடித்துக்கொண்டிருந்தார். முதல் படையின் தலைவர் சாம் கான் விலகிக்கொள்ள, வேறு படை வந்து சுட்டது. நபீல் இதை எழுதியது 1880களின் கடைசியில். நமக்குக் கிடைப்பது 1932இல் ஷோகி எஃபெண்டி ஆங்கிலத்தில் தந்த வடிவம்.

இதற்கு வெளிச்சாட்சி உண்டு. பிரிட்டிஷ் தூதர் ஜஸ்டின் ஷீல் 1850 ஜூலை 22இல் லண்டனுக்கு எழுதிய அறிக்கை. சம்பவம் நடந்து 13 நாள்தான். புகை கலைந்தபோது பாபைக் காணவில்லை, வானுக்கு ஏறிவிட்டார் என்று கூட்டம் கூவியது, குண்டுகள் கயிற்றை அறுத்திருந்தன, பிடித்துவந்து மறுபடி சுட்டார்கள் என்று அதில் இருக்கிறது. ஷீல் தெஹ்ரானில் இருந்தவர், நேரில் பார்த்தவரல்ல. ஆனாலும் அவருக்கு பாபியரை (பாபின் சீடர்களை) உயர்த்திப் பேச எந்தத் தேவையும் இல்லை.

இனிப் பிரித்துப் பாருங்கள். முதல் வேட்டு தவறியது, கயிறு அறுந்தது, இரண்டாம் வேட்டு தேவைப்பட்டது: இவை ஏறக்குறைய உறுதி. பேச்சை முடித்துக்கொண்டிருந்த காட்சி ஷீலிடம் இல்லை. கரிமருந்துத் துப்பாக்கிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக வெடித்தால் சில நிமிஷம் எதுவும் தெரியாது, அந்த இடைவெளியில் ஒருவர் எங்கே போனார் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வெளியே நின்றவர் யாராலும் முடியாது. ஆகவே 'அசாதாரணமான நிகழ்ச்சி நடந்தது' என்பது வரை வரலாறு உங்களோடு வரும். 'அது இறைச்செயல்' என்பதை வரலாற்றாளரிடம் கேட்காதீர்கள், அதைத் தர அவரிடம் கருவி இல்லை.

தேடல்77

மிக்க நன்றி. என் முதல் கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. நூர்வாசகி அக்கா, ஏற்ற பிறகு கேள்விக்கு இடம் உண்டா? காலக்கெடு உள்ள முன்னறிவிப்பு எங்கள் கண் முன்னாலேயே காலாவதியானால் என்ன செய்வீர்கள்?

பதில் 6: நூர்வாசகி

நேராகவே சொல்கிறேன் தம்பி. அப்படி ஒன்று இருக்கிறது. 1906இல் ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு அப்துல்-பஹா எழுதிய நிருபத்தில் ஏழு விளக்குகளைச் சொல்கிறார். ஐந்தாவது, நாடுகளின் ஒற்றுமை. அது இந்த நூற்றாண்டில் உறுதியாக நிலைபெறும், உலக மக்கள் எல்லாரும் தங்களை ஒரே தாய்நாட்டின் குடிகளாகக் கருதுவார்கள் என்று இருக்கிறது. 2000 கடந்துவிட்டது. நாடுகளின் சங்கம் 1920இலும் ஐ.நா. 1945இலும் வந்தன, நிகழ்முறை தொடங்கிவிட்டது என்று எங்களில் பலர் விளக்குவோம். 'தொடங்கும்' என்பதும் 'உறுதியாக நிலைபெறும்' என்பதும் ஒன்றல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இது எனக்கு விடை கிடைத்த கேள்வி அல்ல, திறந்தே வைத்திருக்கும் கேள்வி.

இன்னொன்று 1957. அப்துல்-பஹாவின் உயில், பாதுகாவலர் பதவி வழிவழியாகத் தொடரும் என்றும், சமயத்தின் உயர் நிர்வாக அமைப்பான உலக நீதி மன்றத்துக்குப் பாதுகாவலரே நிரந்தரத் தலைவர் என்றும் வகுத்தது. ஷோகி எஃபெண்டி 1957 நவம்பர் 4இல் வாரிசும் உயிலும் இல்லாமல் லண்டனில் காலமானார். 1963 ஏப்ரலில் ஒன்பது பேர் கொண்ட மன்றம் தேர்வானது, இனிப் பாதுகாவலரை நியமிக்க வழியில்லை என்று அதுவே அறிவித்தது. பாதுகாவலர் வரிசை நின்றுவிட்டது என்பதை ஏற்காமல், மூத்த பஹாய் தலைவர்களில் ஒருவரான மேசன் ரெமி அதற்கு முன்பே, 1960இல், பிரிந்து போனார். நீங்கள் ஆராயும்போது உயிலின் அந்தப் பகுதியையும் மன்றத்தின் 1963 அறிவிப்பையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் யாராவது கொடுத்தால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 7: பஞ்சாங்கக்காரன்

இதில் ஒரு தர்க்கச் சிக்கலும் உண்டு. 1908 நூலில் அப்துல்-பஹா அறியும் வழிகள் நான்கு என்கிறார்: புலன், பகுத்தறிவு, மரபுநூல், பரிசுத்த ஆவியின் அருள். முதல் மூன்றும் தவறக்கூடியவை. கானல்நீர் கண்ணை ஏமாற்றுகிறது. தத்துவவாதிகள் அறிவை வைத்தே ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். நூலைப் புரிந்துகொள்வது மறுபடியும் அறிவால்தான்.  இந்த இடத்தில் பரிசுத்த ஆவியின் அருளே ஐயமற்ற வழி என்று முடிக்கிறார். ஆனால் அந்த அருள் எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நான் எந்த வழியால் அறிவேன்? அந்த மூன்றில் ஒன்றால்தானே?

பதில் 8: நூர்வாசகி

சரியான கேள்வி. அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது 1912 ஆகஸ்டில் அமெரிக்காவில் கிரீன் ஏக்கரில் பேசியது. அங்கே நான்காவதாக உள்ளத்தூண்டலைச் சேர்த்து, புலன், அறிவு, மரபுநூல் உட்பட நான்கும் தனித்தனியே தவறும் என்கிறார். ஆனால் ஒரு கூற்றைப் புலன் உறுதிப்படுத்தி, அறிவு ஏற்று, மரபுநூல் ஒத்துப்போய், உள்ளமும் ஒப்பினால் அதை நம்பலாம் என்று முடிக்கிறார். நடைமுறைக்கு நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். (இது கேட்டவர் எழுதிய குறிப்பு என்பதையும் என் சல்லடைப்படி சொல்லிவிடுகிறேன்.)

ஏற்ற பிறகு கேள்வி கேட்கலாமா என்றால், கேட்கலாம், கேட்கிறோம். சமூகத்துக்குள் இருந்துகொண்டே மன்றத்தின் முடிவுக்கு எதிராக அணி திரட்டுவதற்குத்தான் இடமில்லை. இந்த வித்தியாசம் சேர்வதற்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிவு அட்டையில் கையெழுத்து வாங்கும் முன் இதைச் சொல்லாமல் விடுவது தவறு என்றே நினைக்கிறேன். நான்கு வழியும் ஒத்துவரும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போட உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதுவரை பிரார்த்தனைக் கூட்டத்துக்கும் படிப்பு வட்டத்துக்கும் வர யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

தேடல்77

நோட்டில் ஆறு பக்கம் தலைப்பிட்டுவிட்டேன்: நெப்போலியன், சுல்தான், பெர்லின், 1844, தப்ரீஸ், 1906. 1906 நிருபத்தையும் அக்தாஸின் ரைன் பத்தியையும் முதலில் மூலத்தோடு ஒப்பிடப் போகிறேன். அரபியும் பாரசீகமும் தெரிந்தவர்கள் யாராவது 'உறுதியாக நிலைபெறும்' என்ற இடத்தில் மூலச்சொல் என்ன, நூற்றாண்டு என்பதற்கு அங்கே வேறு பொருள் வருமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.